பதினேழாம் நம்பரில் ஏறியவன்

அத்தியாயம் 6

இந்தக் கேஸைக் கையில் எடுத்த நேரமே சரியில்லை என்று டோரிஸுக்குத் தோன்றிவிட்டது. கட்சிக்காரி ஜெயசுந்தரியைக் காப்பாற்றத் தேடிப்போன ஒவ்வொரு சாட்சியமும் கட்சிக்காரியின் கழுத்தைத்தான் நெரித்தது. காலையிலிருந்து மூன்று பேரைப் பார்த்தாயிற்று. மூன்று பேரும் ஜெயசுந்தரியை நல்ல பெண் என்றார்கள். மூன்று பேரும் அவள்தான் செய்திருப்பாள் என்றும் சொன்னார்கள். மணி பன்னிரண்டரை. நான்கு மணிக்கு விசாரணை. அதற்குள் அவள் மோசடி செய்யவில்லை என்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். அதோடு விடாது, காகிதத்தில் ஏறிய கறை எந்தச் சர்க்கார் ஆபீஸ் வாசலுக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

விவகாரம் இதுதான். அல்வால் பக்கம் இருக்கும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி ஃபோர்மேன் பதவி உயர்வுக்கு நாற்பத்தெட்டு பேர் பரீட்சை எழுதினார்கள். விடைத்தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. அங்கிருந்து ரோல் நம்பரும் மார்க்கும் மட்டும் டெலெக்ஸில் வந்தன. நம்பருக்குப் பெயர் போட்டு, மார்க் வரிசையில் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கவேண்டியது ஜெயசுந்தரியின் பொறுப்பு. அவள் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மாரெட்பள்ளியில் நாலு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதக் கற்றிருந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக, 1988-இல் ஆபீசுக்கு வந்து இறங்கிய புதுக் கம்ப்யூட்டரை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அச்சான பட்டியலில் முதல் பெயர் ஆர்தர், மார்க் 91. ஆர்தர் ஜெயசுந்தரிக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

சுந்தரேசன் என்ற டெக்னீஷியன் தனக்கு 34 மார்க் என்று பார்த்துக் கொதித்துப்போய்ப் புகார் எழுதினார். விஜிலென்ஸ் அதிகாரி ஜகதீசன் டெலெக்ஸை வரவழைத்துப் பிரித்தார். சுந்தரேசனின் ரோல் நம்பர் பதினேழு. பதினேழுக்கு எதிரே 91 என்று இருந்தது. ஆர்தரின் ரோல் நம்பர் ஐந்து. ஐந்துக்கு எதிரே 39. கம்ப்யூட்டர் அறைச் சாவி ஜெயசுந்தரியிடம் மட்டும்தான் உண்டு. ஜகதீசன் பைலை மூடினார். அவரைக் குறை சொல்ல டோரிஸால் முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

டோரிஸ் அதே விஜிலென்ஸ் பிரிவில் பன்னிரண்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். அடுத்தவர் கண்டுபிடித்ததை டைப் அடித்து அடித்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பழைய ஊழியர் என்ற முறையில் விசாரணைக்கு உள்ளாகும் பெண்ணுக்குத் துணையாக வர அவளுக்கு அனுமதி உண்டு. கேட் பாஸ் இரண்டு பேருக்குக் கிடைத்தது. இரண்டாவது பாஸில் வந்தவர் அவளுடைய உதவியாளர் கிட்டு. தென் மத்திய ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிற பயணியைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மூன்று பேரும் தொழிற்சாலை கேன்டீனில் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசுந்தரி தயிர்சாதத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. கிட்டு தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடைய ஊறுகாய் மேல் கண் வைத்தார்.

"மேடம், இந்தக் கேஸ்ல சந்தேகமே இல்லாத ஒரே சமாசாரம் இந்தத் தயிர்சாதம்தான். அதுவும் புளிச்சிருக்கு" என்றார்.

டோரிஸ் சிரிக்கும் நிலையில் இல்லை. அன்று காலையில் மூன்று முறை கேட்டதையே நான்காவது முறையாக ஜெயசுந்தரியிடம் கேட்டாள், முதலிலிருந்து சொல், எதையும் விடாதே என்று.

ஜெயசுந்தரி சலிப்போடு சொன்னாள். புரோகிராமில் அரே என்று ஒன்று உண்டு. வரிசையாக நம்பர் போட்ட அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் இரண்டு அரே போட்டிருந்தாள், ஒன்றில் பெயர்கள், இன்னொன்றில் மார்க்குகள். பதினேழாம் ரோல் நம்பர்காரரின் பெயர் முதல் அரேயில் பதினேழாவது அறையில், அவர் மார்க் இரண்டாவது அரேயில் பதினேழாவது அறையில். நம்பர் ஒன்றாக இருப்பதால் ஆளும் மார்க்கும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

"அப்ப கோச்சுல பெர்த் மாதிரி" என்றார் கிட்டு.

அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டாள். பட்டியல் அடிப்பதற்கு முன்னால் யூனியன்காரர்கள் வந்து, பரீட்சை எழுதினவர்களின் பெயர்களை மட்டும் ஏ, பி, சி வரிசையில் நோட்டீஸ் போர்டில் போடச் சொன்னார்களாம். அதையும் அதே புரோகிராமில் எழுதினாள்.

"அதுக்குன்னு பேரு அரேக்கு ஒரு நகல் எடுத்தேன் அக்கா. நகலைத்தான் ஏ, பி, சி வரிசையில அடுக்குனேன். அசல் பக்கமே நான் போகல. சத்தியமாச் சொல்லுதேன்."

இந்தச் சத்தியம்தான் டோரிஸின் மண்டையைக் காய வைத்தது. எங்கேயோ தவறு நடந்திருக்கலாம் என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். இவளோ புரோகிராமில் தப்பே இல்லை என்கிறாள். அசலைத் தொடவில்லை என்கிறாள். அறைக்கு வேறு யாரும் வரவில்லை என்றும் அவளே சொல்கிறாள். பட்டியலோ மாறியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று எந்த அதிகாரியும் யோசிக்கவே தேவையில்லை.

வேறு வழியில்லாமல் டோரிஸ் டெலெக்ஸின் பிரதியையும், ரோல் நம்பர் பட்டியலையும், அச்சடித்த பட்டியலையும் மேஜையில் பரப்பினாள். ஜகதீசன் பார்த்தது இரண்டு பேரைத்தான். மற்ற நாற்பத்தாறு பேரை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக ஒத்துப் பார்த்தாள். நீலா என்ற பெண்ணுக்கு டெலெக்ஸில் 58, அச்சில் 72. வேதாசலத்துக்கு 66, அச்சில் 45. பத்து பேரோடு நிறுத்தாமல் கடைசிவரை போனாள். நாற்பத்தெட்டில் ஒரே ஒருவர் மார்க்தான் சரியாக இருந்தது. மற்ற எல்லாமே தப்பு. மாப்பிள்ளைக்கு மார்க் போட நினைத்தவள் ஊரையே ஏன் புரட்டிப் போடவேண்டும்?

காகிதங்களை அள்ளிக்கொண்டு விஜிலென்ஸ் அறைக்கு ஓடினாள். ஜகதீசன் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதைவிடப் பொறுமையாக, ஒருவர் மார்க்கை மட்டும் மாற்றினால் உடனே மாட்டிக்கொள்வோம் என்றுதான் எல்லாவற்றையும் கலைத்திருப்பாள் என்றார். குற்றச்சாட்டில் ஒரு பெயருக்குப் பதிலாக நாற்பத்தேழு பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், உதவிக்கு நன்றி என்றும் சொன்னார்.

டோரிஸ் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. உதவி செய்யப் போய்க் கட்சிக்காரியை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்திருக்கிறாள். மணி இரண்டேகால்.

"எதுக்கு மேடம் இவ்ளோ டென்ஷன்? பெரியவர் என்ன சொன்னார்?" என்று கிட்டு கேட்டார்.

"நன்றி சொன்னார்" என்று கடுப்போடு சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

கிட்டு காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழைய பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பென்சில் தானாக வெளியே வந்தது. பெயர்களை விட்டுவிட்டு மார்க்குகளை மட்டும் பார்த்தார். டெலெக்ஸில் இருந்த நாற்பத்தெட்டு மார்க்கும் அச்சுப் பட்டியலில் இருந்தன. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை, புதிதாக ஒன்று முளைக்கவில்லை.

"மேடம், இங்கே பெர்த் எதுவும் நகரலை. ஜனங்கதான் இடம் மாறி உக்காந்திருக்கா. பதினேழாம் நம்பர்ல சுந்தரேசன் ஏற வேண்டியது, ஆர்தர் ஏறிட்டான். அப்ப மத்த பெர்த்ல யார் யார் ஏறினான்னு ஒரு சார்ட் போட்டுப் பாக்கலாமே."

யோசனை நன்றாக இருந்தது. டோரிஸ் நோட்டைத் திறந்தாள். ஒன்றாம் நம்பருக்கு டெலெக்ஸில் என்ன மார்க், அந்த மார்க்கோடு அச்சில் இருப்பது யார், இரண்டாம் நம்பருக்கு யார் என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரே மார்க் வாங்கின சிலரை முன்னே பின்னே வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் பிடித்தது. முடித்துவிட்டு மேலிருந்து கீழே படித்தாள். ராமசுவாமி, சிலாஸ், நீலா, யாதகிரி, கல்பகம், மஸ்தான்... பதினேழில் ஆர்தர். ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. கீழிருந்து மேலே படித்தாள். பிரிவு வாரியாகப் பார்த்தாள், வயது வாரியாகப் பார்த்தாள். சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொட்டின மாதிரி இருந்தது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு மனதாரத் தோன்றியது.

ஜெயசுந்தரி மெதுவாக, வேண்டாம் அக்கா, நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். டோரிஸ் அவளைப் பார்த்துச் சள்ளென்று விழுந்தாள். பிறகு அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

கிட்டு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "என்ன மேடம், பேரை மொட்டையா எழுதியிருக்கேள்? இந்தச் சார்ட்டை ஒட்டினா பிளாட்பாரத்துல அடிதடி ஆயிடும். ஒரே வண்டியில நாலு ராமசுவாமி வருவான். இனிஷியல் இல்லாம நாங்க யாரையும் ஏத்த மாட்டோம்."

அவசரத்தில் இனிஷியலை விட்டுவிட்டேன், அதனால் என்ன என்று டோரிஸ் கேட்டாள். சும்மா இருங்கோ என்று கிட்டு அச்சுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி வண்டியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு படிப்பது போல் ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"ஏ. ராமசுவாமி. ஏ. சிலாஸ். பி. நீலா. பி. யாதகிரி. சி. கல்பகம். சி. மஸ்தான். டி..."

"நிறுத்துங்க கிட்டு சார்."

அவர் நிறுத்தினார்.

"பதினாறு, பதினேழு, பதினெட்டு. அதை மட்டும் படிங்க."

"ஜே. கிருபாகரன். கே. ஆர்தர். கே. வேதாசலம்" என்று படித்தவர், தானாகவே கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். நாற்பத்து நாலில் டி. சுந்தரேசன், ஆங்கிலத்தில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி. நாற்பத்தெட்டில் ஒய். மரியதாஸ்.

டோரிஸுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. மனிதர்கள் ஆர்தரை ஆர்தர் என்றுதான் பார்ப்பார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தைக் கண் தாண்டிப் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை தெரியாது, முன்னால் என்ன எழுத்து இருக்கிறதோ அதை வைத்து அடுக்கும். ரோல் நம்பர் வரிசையில் இருக்கவேண்டிய பெயர்கள் முழுக்க முழுக்க ஏ, பி, சி வரிசையில் உட்கார்ந்திருந்தன. மார்க்குகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. அதன் பிறகு எல்லாவற்றையும் மார்க்குப்படி அச்சடித்துவிட்டதால், அந்த வரிசை யார் கண்ணுக்கும் படாமல் கலைந்துபோயிருந்தது.

"ஜெயா, நோட்டீஸ் போர்டுக்காக நீ அடுக்கினது அசலையும் அடுக்கியிருக்கு."

"அது எப்படி அக்கா? நான் நகலைத்தானே..."

"அந்த நகலை எப்படி எடுத்த?"

ஜெயசுந்தரி பேனாவை வாங்கி ஒரே ஒரு வரி எழுதினாள். நகல் = அசல். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு நம்பரை இப்படி நகல் எடுத்துவிட்டு நகலை என்ன செய்தாலும் அசல் அப்படியே இருக்கும், நூறு தடவை செய்து பார்த்திருக்கிறேன் என்றாள். அரேயை அப்படி எடுத்துப் பார்த்திருக்கிறாயா என்று டோரிஸ் கேட்டதற்கு, ஒன்றுக்குச் சரியாக வருவது நாற்பத்தெட்டுக்கும் வரும்தானே என்றாள்.

கிட்டு அந்த வரியை உற்றுப் பார்த்தார். "சாயங்காலம் ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நிக்கும். ராத்திரி அதே வண்டி வேற பேர்ல, வேற நம்பர்ல கிளம்பும். ஜனங்க ரெண்டு வண்டின்னு நினைச்சிண்டிருப்பா. பெட்டியெல்லாம் அதேதான், ரேக் ஒண்ணுதான்னு எங்களுக்குத்தான் தெரியும். வர்ற வண்டியில எவனாவது ஜன்னலை உடைச்சா, போற வண்டியில காத்து வரும். இந்தப் பொண்ணு புது வண்டி வாங்கலை மேடம். இருக்கிற வண்டிக்கு இன்னொரு போர்டு மாட்டியிருக்கா."

இருக்கலாம். ஆனால் ரயில் கதையை வைத்து ஜகதீசனை நம்பவைக்க முடியாது. மூவரும் எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போனார்கள். பிரிவு அதிகாரி ராஜாராமன் வாசலிலேயே மறித்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்பது. அதை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்தார். விசாரணையில் இருக்கிற பெண்ணை உள்ளே விட முடியாது என்றார். டோரிஸ் கெஞ்சிப் பார்த்தாள், விதியைச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கடைசியில் அவளே போய் ஜகதீசனைக் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ஜகதீசன் கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிஷம் என்றார். ராஜாராமனுடையதையும் சேர்த்து ஐந்து ஜோடி செருப்பு வாசலில் வரிசையாக நின்றது.

ஜெயசுந்தரி தன் புரோகிராமைத் திரையில் கொண்டுவந்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். அந்த ஒரு வரிக்குக் கீழே என்ன எழுதவேண்டும் என்று டோரிஸைப் பார்த்தாள்.

பதில் சொன்னது கிட்டு. "என் பேரை நகல்ல முதல் பெர்த்ல ஏத்தும்மா. அசலைத் தொடாதே. அப்புறம் அசல்ல முதல் பெர்த்ல யார் இருக்கான்னு மட்டும் கேளு."

அவள் அப்படியே எழுதினாள். ஒரு பட்டனை அழுத்தினாள். பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. அசல், ஒன்றாவது அறை, கிட்டு.

பரீட்சையே எழுதாத, தொழிற்சாலையிலேயே வேலை பார்க்காத ஒரு ரிட்டயர்ட் டிக்கெட் பரிசோதகர் உதவி ஃபோர்மேன் பட்டியலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். ஜகதீசன் குனிந்து பார்த்தார். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். இரண்டாவது முறை தன் பெயரைப் போடச் சொன்னார். அவரும் ஏறிக்கொண்டார்.

"டிக்கெட் இல்லாம ஏர்றது இவ்ளோ சுலபம்னு எனக்கு முப்பது வருஷமாத் தெரியாமப் போச்சே" என்று கிட்டு முணுமுணுத்தார்.

ஜெயசுந்தரி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அசலைத் தொடவில்லை என்று ஒரு வாரமாக எத்தனை பேரிடம் அடித்துச் சொன்னாளோ, அத்தனையும் பொய்யாகிப் போனது. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மையும் இல்லை. டோரிஸ் அவள் தோளில் கை வைத்தபோது தோள் விறைத்திருந்தது.

ராஜாராமனுக்கு நிலைமை புரிந்ததும் பதறிவிட்டார். இது வெளியே போனால் பிரிவுக்கே அவமானம், வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் குழம்பிவிட்டது என்று எழுதிவிட்டால் யாருக்கும் பாதகமில்லை என்றார். ஜகதீசனும் உடனே மறுக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஜெயசுந்தரி மேல் திரும்பியது.

"வோல்டேஜ் இல்ல சார். அந்த வரி நான் எழுதினது" என்றாள்.

நான்கு மணிக்குக் கூடிய விசாரணை நாலரைக்கு முடிந்தது. மோசடிக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கவனக்குறைவுக்காக எச்சரிக்கைக் கடிதமும், தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பும் கிடைத்தன. வேலை தப்பியது. அவளே திருத்தி அடித்த பட்டியலில் சுந்தரேசன் முதலாவதாக வந்தார். ஆர்தர் முப்பத்தொன்பதோடு கீழே போனான்.

குற்றவாளி இல்லாத கேஸ் என்றால் டோரிஸுக்குச் சாதாரணமாகவே பிடிக்காது. பிடித்து உலுக்க ஒரு ஆள் இல்லாமல் நாள் முழுக்கப் பட்ட எரிச்சல் அப்படியே மிச்சமிருந்தது. ஆனாலும் கேட்டைத் தாண்டும்போது ஜெயசுந்தரி முதல் தடவையாக நிமிர்ந்து நடந்ததைப் பார்த்து மனசு கொஞ்சம் தணிந்தது.

கேட்டுக்கு வெளியே ஆர்தர் ஸ்கூட்டரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்தவன், கையில் கிரீஸ் கறை. அமைதியான பையன், கோயில் பாட்டுக் குழுவில் இருப்பவன். ஜெயசுந்தரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நகலை, அந்த ஒரு வரியை, கிட்டுவின் ரயிலை. அவன் மார்க்கையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆர்தர் மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே வேறொன்றைக் கேட்டான்.

"அப்ப நீ எனக்காகப் பண்ணலையா?"

"நான் பண்ணலன்னு தினமும் உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்ன. வெளியில அப்படித்தானே சொல்ல முடியும்னு நினைச்சேன்." அவன் குரலில் கோபம் இல்லை, ஏதோ கையிலிருந்து பிடுங்கப்பட்ட மாதிரி ஒரு வருத்தம்தான் இருந்தது. "யார்கிட்டயும் நான் வாயத் திறக்கல ஜெயா. எனக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போவாளான்னு சந்தோஷமா இருந்துச்சு."

காலையிலிருந்து டோரிஸ் தேடி அலைந்த ஆள் கடைசியில் கிடைத்துவிட்டான். எந்தச் சட்டத்திலும் இவன் செய்தது குற்றமில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஜெயசுந்தரி அவனிடமிருந்து ஓரடி விலகினாள். ஊர் முழுக்க நம்பாதபோது அழாதவள் இப்போது அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுகை குரலில் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க திருடியைத்தான் கட்டிக்க சம்மதிச்சிருக்கீங்க. அது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.